பதினொரு பேருக்கு ஒரு சர்வர்

12 மார்ச் 1998: இணையப் பெயர், ஓராண்டுக்கு, 140 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).
12 மார்ச் 1998: கூட்டு சர்வரில் இடம், மாதம் 18 வெள்ளி.
30 மார்ச் 1998: ஸ்கேன் கூலி, 62 பக்கம், 31 வெள்ளி.
4 ஜூன் 1998: தனி சர்வருக்கு விலை கேட்டது, மாதம் 900 வெள்ளி. எடுக்கவில்லை.

பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற கார்த்திகேசுவுக்குப் பென்ஷனே 740 வெள்ளிதான். தனி சர்வர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் கணினிக் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீன், கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்து, பதினொரு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். பழுது வந்தால் பார்ப்பது ஷேக்கின் தலைவலி. பதினெட்டு வெள்ளியோடு கார்த்திகேசுவின் கவலை தீர்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த குடும்பங்களின் பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாம் அவர் கைப்பட எழுதிய பதிவேட்டில் இருந்தன. அதைத்தான் இணையத்தில் ஏற்றினார். உச்சியில் ஓர் அறிவிப்பு: ஞானாம்பிகை தன் தம்பி ஐயாத்துரையைத் தேடுகிறார், 1990இல் யாழ்ப்பாணத்தில் போரால் இடம்பெயர்ந்தவர், பிறகு தகவல் இல்லை. பினாங்கிலேயே இருந்த ஞானாம்பிகைக்கு எழுபத்தாறு வயது. இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று அவர் கார்த்திகேசுவிடம் கேட்டிருந்தார்.

ஜூன் மாதம் பிறந்ததும் பக்கம் தினமும் மதியத்துக்குள் படுத்துவிடும். மறுநாள் காலையில்தான் எழும். கார்த்திகேசு தினமும் ஆறு முறை ஷேக்கின் கடைக்குப் போய், பக்கம் முழுவதும் திறக்கிறதா என்று கடைசி வரி வரை காத்திருந்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். அதே சர்வரில் பாலிக் புலாவ் ஊர்ச் சின்னையாவின் டுரியான் பழத் தோட்டத்துப் பக்கமும் இருந்தது. பழக் காலம், கூட்டம் அங்கேதான் என்று முடிவு கட்டி, ஐம்பத்து நான்கு நேரக் குறிப்புகளோடு இரண்டு பக்கப் புகார் எழுதிக் கொடுத்தார்.

ஷேக் அதைப் படித்துவிட்டு, சர்வரில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கைத் திரையில் காட்டினார்.

"அண்ணே, ஒரே வீட்டுல பதினொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிற மாதிரி இது. ஒரு நாளைக்கு ஒரு தொட்டித் தண்ணிதான். காலியானா எல்லாருக்கும் குழாய் மூடிரும்."

"டுரியான்காரர் காலி பண்ணுறார். அதைத்தானே எழுதியிருக்கேன்."

"அவரு அரை வாளி. நீங்கதான் லா காலையிலேருந்து குளிச்சிக்கிட்டே இருக்கீங்க."

பதிவேட்டைப் பிரிக்கக் கூடாது என்று அறுபத்திரண்டு பக்கப் படங்களையும் சுருக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் அடுக்கியிருந்தார் கார்த்திகேசு. திறக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனையும் இறங்கின. பக்கத்தைத் திறந்தது பெரும்பாலும் அவரேதான். குறிப்பு எடுக்கப் போய், குறிப்பு எடுத்ததாலேயே குழாயை மூடியிருக்கிறார்.

அன்றே எல்லாவற்றையும் தனித்தனிப் பக்கமாகப் பிரித்துச் சிறிதாக்கினார்கள். மறுநாள் அவர் பஸ் ஏறி பாலிக் புலாவ் போனார். ஒன்பது நாள் ஆர்டர் கைவிட்டுப் போன சின்னையா திட்டுவார் என்று நினைத்திருந்தார். சின்னையா அவரை உட்காரவைத்து, ஷேக் சொல்லியிருந்த, தம்பியைத் தேடும் அந்த அம்மா யார் என்று மட்டும் கேட்டார். விவரம் கேட்டபின் சொன்னார்:

"பழம் அடுத்த வருசமும் விழும், அண்ணே. அந்த அக்கா பேரை என் பக்கத்துல மேலே போடச் சொல்லுங்க. உங்க பதிவேட்டை யாரு பாக்குறா? டுரியானுக்குத்தான் ஊரே வருது."

கார்த்திகேசு எழுந்தார். சின்னையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பழம் கிடைக்காத ஊரில் பழத்தின் படத்தையாவது பார்க்கலாம் என்று டொரொன்டோவில் ஒரு பினாங்குக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அவரோடு வேலை பார்த்தவர் ஐயாத்துரையின் மகள் வள்ளிநாயகி; மேலே இருந்த அறிவிப்பை அவரிடம் காட்டியிருக்கிறார். 17 ஆகஸ்ட் 1998 அன்று ஞானாம்பிகைக்கு வள்ளிநாயகியின் கடிதம் வந்தது. அடியில் நடுங்கும் எழுத்தில் தம்பி எழுதிய மூன்று வரிகள். ஞானாம்பிகை அவற்றைக் கார்த்திகேசுவிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

அதன்பின் சர்வர் எத்தனையோ முறை படுத்தது. பதினொருவரில் யாரோ ஒருவர் காரணமாக இருப்பார். கார்த்திகேசு புகார் எழுதவில்லை. இப்படிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிடைக்கக் கொடுத்துவைத்தவன் நான் என்று ஷேக்கிடம் சொல்வார். ஞானாம்பிகைக்கு மொத்தம் பதினான்கு கடிதங்கள் வந்தன. ஒன்றையும் விடாமல் ஞானாம்பிகையே பிரித்துப் படித்தார்.

ஐயாத்துரை இறக்குமுன் எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 9 டிசம்பர் 1999.