ஆள்காட்டிக்கு ஒரு சிவப்பு டேக்

கம்பெனியில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருந்து ஓய்வு பெற்றபின், ஓசூர் ஓரத்தில் உள்ள ஏரிப் பறவைக் காப்பகத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். நடக்க வருகிறவர்கள் குப்பை போடாமல், பறவை பார்க்க வருகிறவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக்டவுனே வராத டிபார்ட்மென்ட் என்று நம்பிச் சேர்ந்தேன். முதல் நாளே வந்தது.

நடைபாதையின் நட்ட நடுவில், ஜல்லி மேல், ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. அது கூடு கட்டாது. புள்ளி போட்ட முட்டை ஜல்லியோடு ஜல்லியாகக் கிடக்கும். யாராவது மிதித்தால் கதை முடிந்தது. வனவர் மேடத்துக்கு ஃபோன் போட்டேன்.

"முட்டைய நகத்தக் கூடாது. பாதையையும் மூடக் கூடாது. ஞாயித்துக்கெழம ஒரு கம்பெனிக்காரங்க குடும்பத்தோட நடக்க வர்றாங்க. நமக்கு பெஞ்சு போட்டுக் குடுத்தவங்க," என்றார்.

"ரெண்டும் ஒண்ணா எப்படி மேடம்?"

"நீங்க பெரிய கம்பெனில இருந்தவரு. பாத்துக்குங்க."

கம்பெனியிலும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தை மட்டும் ரிப்பன் கட்டித் தடுத்து, மதகுப் பக்கம் சுற்றிப் போக வழி செய்தேன்.

போர்டு வைத்த கதை

'பறவை அடைகாக்கிறது, சுற்றிச் செல்லவும்' என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதி வைத்தேன். ஒருவரும் சுற்றிப் போகவில்லை. எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேரிகை கிராமத்திலிருந்து தக்காளி ஏற்றி வந்தவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்க வந்தார். குருவி முட்டையை விட்டு எழுந்து தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. வெயில் நேரே முட்டை மேல் விழுந்தது. வெயில் ஏறினால் அது ஏரியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர வைக்கும். அதற்கு நாங்கள் இடமே கொடுக்கவில்லை.

போதாததற்கு முருகேசன். மூக்கண்டப்பள்ளிக்காரர், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். நைட் ஷிப்ட் முடிந்து நேரே நடக்க வருவார்.

"மதகு வழியில ஒரே சேறுண்ணா. ரவுண்டு கொறஞ்சா எனக்கு சுகரு ஏறிடும். அது முட்ட போட்டதுக்கு நான் மாத்திர திங்கணுமா?"

அன்று மாலை போர்டைப் பிடுங்கினேன். வீட்டில் ஒரு பழைய சிவப்பு டேக் கிடந்தது. மெஷினுக்குள் இறங்கும்போது சுவிட்சில் மாட்டுவோமே, அது. 'ஆபத்து. ஆள் வேலையில் உள்ளார்.' யார் பேர் எழுதியிருக்கிறதோ அவர்தான் அவிழ்க்கலாம், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. பிரஸ்ஸுக்குள் தலையை விட்டு நான் வேலை செய்த நாட்களில் என் உயிர் அந்த அட்டையில்தான் தொங்கியது. அதில் பேர்: ஆள்காட்டி, டிபார்ட்மென்ட்: அடைகாப்பு என்று எழுதி ரிப்பனில் மாட்டினேன்.

மறுநாள் காலை முருகேசன் வேகமாக வந்தார். டேக்கைப் பார்த்ததும் சட்டென்று நின்று மதகுப் பக்கம் திரும்பினார். கொஞ்ச தூரம் போனபிறகுதான் சிரித்தார்.

"மோசம் பண்ணிட்டண்ணா. காலு தானா நின்னுடுச்சு."

பாதி ஊர் ஃபாக்டரிக்காரர்கள் என்பதால் வேடிக்கை பார்க்கவும் ஆள் நிற்கவில்லை. மெயின்டனன்ஸ் நடக்கிற இடத்தில் எவனும் நிற்க மாட்டான். கூப்பிட்டு ஸ்பேனரைப் பிடி என்பார்களோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை

வந்தது முருகேசனின் கம்பெனியேதான். முன்னால் வந்த பிளான்ட் மேனேஜர் பெங்களூர்க்காரர், பேச்சு சுவாரசியத்தில் ரிப்பனைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். பின்னால் நூறு ஷூக்கள். நான் ஓடி வருவதற்குள் அவர் கால் உள்ளே போய்விடும். குரல் கொடுத்தது முருகேசன்.

"சார், டேக் தொங்குது."

மேனேஜர் சுட்டதுபோல் கையை எடுத்தார். மாதாமாதம் சேஃப்டி மீட்டிங்கில் அவர் சொல்வதுதானே.

"யாரு கெலசா மாட்தித்தாரே?" யார் வேலை செய்கிறார்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

"லேடி ஆபரேட்டர் சார். ஷிப்ட் மாத்த ரிலீவர் வந்துனு இருக்காரு," என்றார் முருகேசன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த நேரம் ஜோடிக் குருவி வயிறு நனைய ஏரியிலிருந்து வந்து இறங்கியது. உட்கார்ந்திருந்தது எழுந்தது, வந்தது உட்கார்ந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் மதகுப் பக்கம் கை காட்டினார். விலை உயர்ந்த ஷூக்கள் சேற்றில் இறங்கின.

வனவர் மேடம் என்னிடம் வந்து, "பாதைய மூடிட்டீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். மெயின்டனன்ஸ் நடக்குது."

"அப்ப சரி," என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலை ஜல்லியில் முட்டை ஓடுகூட இல்லை. முருகேசன் அப்போதும் மதகு வழியே போனார்.

"அதான் போயிடுச்சே, நேரா போங்க," என்றேன்.

"டேக் இன்னும் எடுக்கலியே."

சொன்னது நியாயம். டேக்கில் பேர் உள்ளவர் வர முடியாவிட்டால், அவர் பத்திரமாக வெளியே வந்துவிட்டாரா என்று சூப்பர்வைசர் கண்ணால் பார்த்த பிறகே அவிழ்க்க வேண்டும். பைனாகுலரை எடுத்துக்கொண்டு இருவரும் கரைக்குப் போனோம். கோரைக்குள் பெரிய பறவைகள் இரண்டு தெரிந்தன. குஞ்சுகள் மூன்று. முருகேசன் பைனாகுலரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். நாலாவதைக் கோரை முழுக்கத் தேடினார்.

"நாலாவது வந்துடுச்சுண்ணா. நீ போய் எடு," என்றார்.

டேக் மாட்டுகிற தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். உள்ளே போனவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு அவிழ்த்துவிடுங்கள். அன்று ஆறு பேரும் வந்திருந்தார்கள்.