ஜெனரேட்டர் இரைச்சலில் வந்த பதில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, இந்தப் படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஏழுமலையான் விடவில்லை. பஜனைக்கு வருகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் நகரிக்காரி. வீட்டுக்குள்ளேயே பவர்லூம். திருப்பதி யுனிவர்சிட்டியில் மாணவர்களுக்கான கவுன்சலிங் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா தறியை நிறுத்தாமலே சிரித்தார். "பேசறதுக்கு ஒரு படிப்பா? நம்ம தெருவுல எல்லாரும் அத்த சும்மாவே பண்ணிக்கினு கீறாங்க." வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். ஸ்கூல், காலேஜ்களில் இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் அது நிச்சயமில்லை.

கடைசி செமஸ்டரில் பயிற்சிக்காக அந்தக் காலேஜுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹாஸ்டல் பெண் ஒருத்தி. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். அவளும் எங்கள் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. திமிர் என்றார் வார்டன். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார் பிரின்சிபால். மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளை அனுப்ப எனக்குப் பயம். அந்த முகத்தில் உயிரே இல்லை.

கற்றுக்கொடுத்தபடி எல்லாம் செய்தேன். சத்தமில்லாத அறை, மூடிய கதவு, அவசரப்படுத்தாத பேச்சு. தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், ஒன்றும் கேட்காமலும் உட்கார்ந்திருந்தேன். ம்ஹூம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போய் முதல் படியில் கற்பூரம் ஏற்றினேன். சாமி, எனக்கு வேலைகூட வேண்டாம், அந்தப் பெண் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அழுதேன். பிறகு சித்தூர் பஸ் ஏறினேன்.

அன்று அவள் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. ஒரு வார்த்தை கேட்டால் இந்த இரைச்சலைக் கொடுக்கிறாயே என்று பெருமாளைத் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்த எழுந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் உதடு அசைகிறது.

தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே குரல் எடுபடாது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். சண்டைகூட அப்படித்தான். அவளைப் போய் ஊசி விழுந்தால் கேட்கிற அறையில் உட்காரவைத்துப் பேசு பேசு என்றிருக்கிறேன், பாருங்கள். ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தேன்.

"படிப்பு ஏறலக்கா. நைனா என்னைய நம்பிக்கினு கீறாரு. உசுரோட இருந்து இன்னா பண்றதுன்னு தோணிக்கினே கீது."

குரலே வரவில்லை. ஆனால் ஓர் எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. "நான் கூட கீறேன்," என்று நானும் உதட்டாலேயே சொன்னேன். அப்புறம்தான் அவள் அழுதாள்.

அவளைத் தனியாக விடவில்லை. அன்றே அவள் அப்பா அம்மாவை வரவழைத்து, யுனிவர்சிட்டியில் எனக்குப் பாடம் எடுத்த மேடத்தோடு சேர்ந்து திருப்பதியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை, பேச்சு, வீட்டாரின் பொறுமை. மெதுவாகத் தேறினாள். பரீட்சையைத் திரும்ப எழுதிப் பாஸும் செய்தாள். அலிபிரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வேலையையும் பெருமாள் எனக்கு அந்தக் காலேஜிலேயே கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேசாமல் இருக்கலாம். திட்டாதீர்கள். சாமியிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். கேட்டதைப் பெருமாள் கொடுப்பார், ஆனால் எந்த வழியில் என்பது நம் கையில் இல்லை.

போன மாதம் மத்தியானம் அவள் என் அறைக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. "துன்னியாக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கோவிந்தா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.