வலக்காலின் நிறம்

கால் வந்தபோது அது வேறு யாருக்கோ செய்ததுபோல் இருந்தது. பாலை அளவுக்கு மிஞ்சி விட்ட தேநீரின் நிறம். விரல்கள் ஐந்தும் நகத்தோடு ஒழுங்காக வார்க்கப்பட்டிருந்தன. வயல் வரம்பில் ஒரு நாளும் நடக்காத, ஒரு முள்ளும் ஏறாத விரல்கள். செயற்கைக் கால் செய்து கொடுக்கும் இடத்தில் அந்த ஒரு நிறம்தான் இருக்கிறதாம். சீனி வருத்தம் என் கணவரின் இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. கட்டிலில் இருந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன்ட காலக் களவெடுத்துத் தந்திரிக்கானுகள்," என்று சிரித்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

வேறிடமென்றால் சப்பாத்துக்குள் மறைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் செருப்போடு ஏறக்கூடிய வீடு ஒன்றுமில்லை; கோயிலைச் சொல்லவே வேண்டாம். அவருடைய அக்காவின் மகளுக்குக் கோயிலில்தான் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் இவர் ஒருவர். பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவரவேண்டியவர், வேட்டிக்குக் கீழே ஒரு கறுத்த பாதமும் ஒரு வெளுத்த பாதமுமாக, ஊரே பார்த்திருக்க.

"நான் வரல்ல அக்கா. வீட்டில இரிக்கன். என்ன விட்டுடுங்க."

முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் 'விட்டுடுங்க' என்று கேட்டு நான் கண்டதில்லை. அந்தச் சொல்லைத் தாங்கமாட்டாமல்தான், பொய்க்காலுக்கு நிறம் அடிக்கவென்று ஏர்பிரஷ் வாங்கினேன்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பெட்டி. கைக்குள் அடங்கும் காற்று இயந்திரம், பேனா போல ஒரு கருவி, அதன் தலையில் மருந்து மூடியளவில் ஒரு கிண்ணம், உள்ளே மயிர்போல ஊசி. ஐஸ்கிரீம் பெட்டிகளின் வெள்ளை மூடிகளில் பழகினேன். கிட்டப் பிடித்தால் வழிந்தது. எட்டப் பிடித்தால் மை காற்றிலேயே காய்ந்து, மாத் தூவியதுபோல் சொரசொரத்தது. தடிப்பாகக் கரைத்தால் தோடம்பழத் தோல்போலக் குழிகுழியாக வந்தது. பால்போலக் கரைத்தால் அழகாகப் போய்க்கொண்டேயிருந்து, திடீரென்று இருமி ஒரு சொட்டுத் தண்ணீரைத் துப்பும். அந்தத் தண்ணீர் வாவியினுடையது. எங்களுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு வேலிதான். மூடிய போத்தலுக்குள்ளேயே உப்புக் கசிகிற வீடு. இயந்திரம் மூச்சை இழுக்கும்போது வாவியையும் சேர்த்து இழுத்தது. துடைத்தேன், அடித்தேன், துப்பியது. துடைத்தேன். பொறுமையில்லாதவளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

ஏறாவூரில் மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், எங்கள் பேச்சில் காக்கா, மூடிகளைக் கொண்டுபோனேன். அவர் ஒன்றை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி, அம்மை போட்ட முகம் மாதிரி?"

"துப்புது காக்கா."

"துப்பாம என்ன செய்யும்? வாவிக் காத்தக் குடிச்சாத் துப்பத்தான் செய்யும். கச்சான் அடிக்கக்குள்ள அடிங்க. ஒரே அடியில மூடப் பாக்காதீங்க. கண்ணாடியில மூச்சு விடுற மாதிரி லேசா ஒண்டு. காயட்டும். மறுகா ஒண்டு. எதுக்கு, பைக் டேங்குக்கா?"

"காலுக்கு."

அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், காற்றுக் குழாயில் பூட்டினால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு குமிழ் ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

கச்சான் மேற்கிலிருந்து, வவுணதீவு வயல் வட்டைகளுக்கு மேலால், உலர்ந்து வருகிற காற்று. உலர்ந்து வந்தால் தூசியோடுதான் வரும். யன்னல்களுக்குச் சேலை கட்டினேன். காலை பத்துக்கும் பகல் இரண்டுக்கும் இடையில்தான் வேலை. நிறம் கலப்பதற்காக அவரை வாசல் வெளிச்சத்தில் கதிரையில் இருத்தி, மிஞ்சியிருந்த வலக்காலை முக்காலியில் நீட்டச் சொல்லி, நிறம் அடித்த மூடிகளை ஒவ்வொன்றாகப் பாதத்தின்மேல் வைத்துப் பார்ப்பேன்.

"கொஞ்சம் வெளுப்பா அடி புள்ள. மாப்பிளய விட நான் வடிவா இரிக்கோணும்."

"இருந்த நிறத்துக்கே வழியக் காணல்ல. ஆடாம இரிங்க."

ஐந்தாவது மூடி அவரது பாதத்தின்மேல் காணாமல் போனது. உண்மையாகவே, விளிம்பு எங்கே, தோல் எங்கே என்று விரலால் தேடவேண்டியிருந்தது. எந்த மையில் எத்தனை சொட்டு என்று மூடியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

அந்தக் கலவையால் பொய்க்காலை அடித்து முடிக்க இரண்டு கிழமை எடுத்தது. ஒரு பூச்சு, காயவிடல், நனைத்த உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. கடைசியில் உள்ளங்கையை வைத்துக் குதிக்காலிலிருந்து விரல்வரை இழுத்தேன். எங்கும் தடுக்கவில்லை. நான் பட்ட பாடு எதுவுமே அதில் இல்லை. ஆனால் வலக்காலின் பக்கத்தில் வைத்தபோது ஒரு சொட்டு வெளுப்பாகத் தெரிந்தது. மை காய்ந்து வெளுத்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் நீலமும் கறுப்பும் விட்டு இன்னும் இரண்டு பூச்சு அடித்தேன். ஒன்றாகிவிட்டது.

அவர் போட்டுக்கொண்டு எழும்பினார். "வேட்டியக் கொண்டா புள்ள." வேட்டி கட்டி, சுவரைப் பிடித்து, சுவரை விட்டு, கூடத்தின் அந்தக் கடைசித் தொங்கல்வரை நடந்தார். அவருடைய அக்கா, எனக்கு மச்சி, வந்து பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டா.

"தம்பி, எதுடா உன்ட கால்?"

"கிள்ளிப் பாருங்களன்."

மச்சி குனிந்து ஒரு விரலைக் கிள்ளினா. அவர் அசையவில்லை. "பிழச்சிப்போச்சு, அது கடையில வாங்கினது," என்றார். மச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. நானும் சிரித்தேன். கிள்ளியது வலக்காலை.

சீனிக்காரருக்குப் பாதம் மரத்துப்போவது எங்களுக்குப் புதிதில்லை. தினமும் குளித்தபின் புண் இருக்கிறதா என்று நான்தான் பார்ப்பேன். புண் இல்லை. புண்ணை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பொய்க்கால் மறுபடியும் வெளுப்பாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. மையோடு, காற்றோடு, கலக்கத் தெரியாத என் கையோடு. முதலிலிருந்து பிடிப்போம் என்று அந்த ஐந்தாவது மூடியை எடுத்து அவரது பாதத்தில் வைத்தேன். கணுக்காலில் மூடி காணாமல் போனது. விரல்களுக்குக் கொண்டுவந்ததும் வெள்ளைக் காசுபோல் துலங்கியது. மூடி மாறவில்லை. விரல்களைத் தொட்டேன். அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தன.

"எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து?"

"தெரியாத மாதிரிக் கதைக்காதீங்க."

அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். "ரெண்டு மூண்டு கிழமை இரிக்கும். நோவு ஒண்டுமில்ல. கல்யாணம் முடியட்டும் புள்ள, மறுகா போவம். அதுவரைக்கும் நீ இன்னும் கொஞ்சம் கறுப்பு விட்டு அடி. ரெண்டும் ஒண்டாத்தானே இரிக்கும்."

அறியாமல் ஒரு தரம் அதைத்தான் செய்திருந்தேன். செத்துக்கொண்டிருந்த கால் முன்னால் போக, நான் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு விட்டு அதன் பின்னால் போயிருக்கிறேன். ஓட்டோவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கைவிரல்களை ஒவ்வொன்றாக நான்தான் கழற்றினேன்.

"கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கலாமே," என்றார் டொக்டர். என்னைக் குறை சொல்லும் குரலில்கூட இல்லை.

கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது ஒன்றுவிட்ட மாமன் ஒருவர். வார்ட்டில், மச்சியின் மகன் அனுப்பிய வீடியோவை அவருக்குப் பிடித்துக் காட்டினேன். பெண்ணின் முகம் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் வலக்காலை எடுப்பதாகச் சொல்லி, தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இனி ரெண்டையும் உனக்கு விருப்பமான நிறத்தில அடி புள்ள," என்றார். "பாத்து அடிக்கிறதுக்கு ஒண்டுமில்லத்தானே."

சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வரவில்லை.