இடுப்பளவு

குருவுக்கு அங்கி தைக்கும் தையல்காரம்மா, பத்து வருடமாக அவருடைய தியான வகுப்பில் கடைசி வரிசை மாணவி. ஒருநாள் குரு, "நான் ஒரு வேளைதான் சாப்பிடறேன்" என்றார். எல்லோரும் கைகூப்பி உருகினார்கள். இவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஐயா, போன வருஷத்துக்கு இந்த வருஷம் உங்க இடுப்பு நாலு இஞ்ச் கூடியிருக்கே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாமா?"

மூத்த சீடர் பாய்ந்து வந்தார். "குருவையே கேள்வி கேக்குறியா?"

"உள்ளதை உள்ளபடி பாருன்னு சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. பார்த்தேன், சொன்னேன்."

குரு கண்ணை மூடிக்கொண்டார். இவளை வெளியே அனுப்பினார்கள்.

மறுவாரம் கழுத்தில் டேப்போடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"மறுபடி எதுக்கு வந்தே?" என்று முறைத்தார் சீடர்.

"எனக்குப் பாடம் இன்னும் முடியலை. அவருக்கும்தான்."