சாப்பாட்டு டப்பாவில் வந்த தண்ணீர்

என் அக்காவைக் கட்டியவருக்கு அலுவலகத்தில் மண்புழு என்று பேர். வன ஆய்வுக்கூடத்தில் கடைநிலை உதவியாளர். மழை பெய்த மறுநாள் மற்றவர்கள் லீவு போடுவார்கள், அவர் மலையேறுவார். மரத்தடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்த தட்டுகளில் இறங்கியிருக்கும் தண்ணீரைப் பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து வந்து, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுவார். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை.

அக்கா வைத்திருந்தது மீன்குஞ்சுப் பண்ணை. தொட்டிகளுக்குக் காட்டு ஓடைத் தண்ணீர்தான். ஒவ்வொரு மழைக்கும் குஞ்சுகள் வாயைப் பிளந்து மிதந்தன. நோய் என்றார்கள், தீவனம் என்றார்கள். அத்தான் தன் பதிவேட்டைப் புரட்டினார். மண் தண்ணீரில் அலுமினியம் ஏறிய நாளெல்லாம் குஞ்சு செத்த நாள். பக்கத்து அனல்மின் நிலையம் கக்கும் புகை மழையோடு அமிலமாக இறங்குகிறது. மண்ணில் பேசாமல் கிடந்த அலுமினியத்தை அது கரைக்கிறது. மரத்தின் வேர்நுனி கருகுகிறது; மிச்சம் ஓடைக்கு வந்து மீனின் செவுளை அடைக்கிறது.

புகைபோக்கிக்கு வடிகட்டி போட வைக்க விசாரணை நடந்தது. அத்தானின் பதிவேடுதான் ஆதாரம், அறுநூறு அளவுகள். நிலையத்தின் வக்கீல் நிதானமாகப் பக்கம் புரட்டி ஒரு குறிப்பில் விரலை வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே? வாசிங்க."

அத்தான் வாசித்தார். "புட்டி விரிசல் விட்டதால் மாதிரி சாப்பாட்டு டப்பாவில் வந்தது. கணக்கில் சேர்க்க வேண்டாம்."

"டப்பா எதுல செஞ்சது?"

"அலுமினியங்க. அதனாலதான் சேர்க்க வேணாம்னு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. அலுமினியம் இருக்கான்னு பாக்குற தண்ணிய அலுமினிய டப்பாவுல கொண்டாந்தீங்க. சரியா?"

அறையே சிரித்தது. அந்த ஒரு டப்பாவோடு பன்னிரண்டு வருஷமும் குப்பைக்குப் போனது, வடிகட்டிப் பேச்சும் போனது. விசாரணை அதிகாரி வேறு எழுந்து போகிறபோக்கில், "நேர்மையான மனுஷன்" என்றார்.

அன்று சாயங்காலம் செத்த குஞ்சுகளை வலையில் அள்ளிக்கொண்டே அக்கா கேட்டாள். "அந்த ஒரு வரிய எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"அதை மறைச்சா மத்த அறுநூறும் பொய்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

அத்தான் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கம் பேசவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் கோபம் அவர் மேல்தான் இருந்தது, வக்கீல் மேல் இல்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

தொட்டிகளை விற்றாகிவிட்டது. அக்கா அந்த அனல்மின் நிலையத்து கேன்டீனில் காய் நறுக்குகிறாள். ஊரில் வேறு வேலை கிடையாது. தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் அந்த வாசலில் விடுவது அத்தான்தான்.