மேற்கே ஏறிய தண்ணீர்

அறுபதுகளில் இருக்கன்குடிப் பக்கம் டீச்சராக இருந்தேன். அர்ச்சுனா நதி வைப்பாற்றில் கலக்கிறது என்று பாடம் நடத்துவேனே தவிர, கலந்து பார்த்ததில்லை. எப்போது போனாலும் இரண்டிலும் மணல்தான்.

ஓர் ஐப்பசிக் காலையில் அர்ச்சுனாவில் தண்ணீர் வந்தது. சருகையும் சிவகாசித் தீக்குச்சிக் கழிவையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்தது. எப்படிக் கலக்கிறதென்று பார்க்கும் ஆசையில் அதற்கு முன்னால் கரையோடு நடந்தேன்.

இரண்டு ஆறும் சேருமிடத்துக்குச் சற்று மேற்கே, வைப்பாற்று மணலில் தோண்டிய நெஞ்சளவு ஊற்றுக்குள் ஒரு பெண் நின்று சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆத்துல தண்ணி வருது, பாத்தீகளா?" என்றேன்.

அவள் வைப்பாறு வரும் மேற்கே பார்த்தாள். "எங்கன டீச்சர்? காஞ்சுல்ல கெடக்கு."

"அர்ச்சுனாவுல வருது."

"அது கெளக்க போயிரும்" என்று மறுபடி குனிந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் வைப்பாற்றுக்குள் நுழைந்த தண்ணீர் இரண்டு பக்கமும் பரவியது. ஒரு பாதி மேற்கே திரும்பி எங்களை நோக்கி ஏறி வந்தது. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஊற்று நிரம்பி, கரை சரிந்து, குடத்தோடு மூடிக்கொண்டது.

நனைந்த சேலையோடு அவள் கேட்டாள்: "ஏன் டீச்சர், அப்ப எது எதுல சேருது?"

அதற்கப்புறம் வகுப்பில் வரைபடத்தை மாட்டி ஆற்றுக் கோட்டில் விரலை வைத்தால், எந்தப் பக்கம் நகர்த்துவதென்று ஒரு நொடி தயங்குவேன்.