உரிமையாளர் என்ற கட்டம்

ஒரு பொருளுக்குப் பட்டியலில் ஒரே ஒரு வரி. இரண்டு வருடமாக நான் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான். ரயில் பாதையில் இருக்கிற ஒவ்வொன்றையும், பாலமானாலும் சிக்னலானாலும், எல்லாத் துறைகளும் ஒரே விதமாக எழுதி ஒரே இடத்தில் வைக்க ஒரு பொதுவான டேட்டா மாடல் தயாரிப்பது என் வேலை. சொன்னால் சுலபமாகத்தான் இருக்கிறது. மூன்று துறைக்காரர்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

தண்டவாளத் துறை தூரத்தைத் தெற்கே இருக்கும் நிலையத்திலிருந்து அளக்கும். சிக்னல் துறை வடக்கே இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அளக்கும். நிலத் துறைக்குத் தூரம் என்பதே கிடையாது, லாட் எண் மட்டும்தான். ஒரு பாலம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று முடிவு செய்ய நான்கு கூட்டம் போட்டோம். நான்காவது கூட்டத்தில் தட்டில் இருந்த கறிபாப் பலகாரம் தீர்ந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி அடித்திருப்பேன். மேனேஜர் எதிரே இருந்தார், அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டம் என் கணினிக்கு வந்து சேர்ந்தது. நான் இப்போது டவுனில், லோபாக்கில் குடியிருக்கிறேன். அக்கா மட்டும் நாங்கள் பிறந்த லயத்திலேயே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறாள். லயத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே சரக்கு வண்டி ஓடும் கிளைப் பாதை போகிறது. அதைக் கடக்க, தண்டவாளங்களுக்கு இடையில் எட்டுப் பலகை போட்டிருக்கும். போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டுகிறவர் அந்த இடம் வந்தால் ஹாரன் அடிப்பார், ஆட்கள் ஒதுங்குவார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. அக்கா தினமும் காலையில் அந்தப் பலகைமேல் நடந்துபோய்த்தான் கையுறை ஃபாக்டரி பஸ்ஸைப் பிடிப்பாள். லாரி ரோட்டைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். அவள் முழங்கால் அதற்குத் தாங்காது.

தண்டவாளத் துறையின் பட்டியலில் ‘மரப்பலகை, எட்டு’ என்று இருந்தது. சிக்னல் துறையில் ‘ஹாரன் அடிக்கச் சொல்லும் போர்டு, ஒன்று’. நிலத் துறையில் ‘ஒற்றையடிப் பாதை’. இடத்தைக் குறித்த விதம் மூன்றிலும் வேறு வேறு, அதனால் மூன்று வரி. மூன்றும் ஒரே இடம் என்று அந்தக் கட்டடத்தில் வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அதன்மேல் நடந்தவள் நான். மூன்றையும் ஒரே வரியாகச் சேர்த்துவிட்டு, ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதுபோல் அன்றைக்கு ஒரு தே தாரிக் கூடுதலாகக் குடித்தேன்.

மூன்றும் சேர்ந்தால் அது ஆட்கள் தண்டவாளத்தைக் கடக்கும் கடவுப்பாதை. கடவுப்பாதை என்றால் உரிமையாளர் இருக்க வேண்டும், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வரி முழுக்கச் சிவப்பாகிவிடும். இந்த விதியை எழுதியதும் நான்தான். ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கினேன். பலகை எங்களுடையது, நடப்பது எங்களுடையது இல்லை என்றது தண்டவாளத் துறை. அப்படி ஒரு பாதையே பதிவில் இல்லை என்றது நிலத் துறை, அவர்கள் பட்டியலையே அவர்கள் முன்னால் விரித்துக் காட்டிய பிறகும். சிக்னல் துறையில் மூத்தவர் ஒருவர் நம்ம ஆள், தமிழர், கொஞ்சம் இரக்கமாகப் பேசினார்.

“போர்டு எங்களதுதாம்மா. ஆளுங்க நடந்து போறதுக்கு நாங்க எப்படிலா பொறுப்பு எடுக்க முடியும்?”

மூன்று வாரம் இப்படியே போனது. திங்கட்கிழமை இயக்குநர்களுக்கு மாடலைக் காட்ட வேண்டும். அந்தக் கிளைப் பாதையில் எல்லாம் பச்சை, இது ஒன்று மட்டும் சிவப்பு. அலுப்பில், உரிமையாளர் கட்டத்தில் எங்கள் டேட்டா பிரிவின் பெயரையும் பொறுப்பாளராக என் பெயரையும் தட்டினேன். பச்சையாகிவிட்டது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை எல்லோரும் கை தட்டினார்கள், நான் அதை மறந்தேவிட்டேன்.

நான் செய்த மாடலை முதன்முதலில் உண்மையாகவே திறந்து பார்த்தவர்கள் பாதுகாப்புப் பிரிவினர். சில மாதம் கழித்து ஈமெயில் வந்தது. பலகைகள் உளுத்துவிட்டன. உரிமையாளர் அவற்றை மாற்றி விளக்கும் வைக்க வேண்டும், இல்லையென்றால் பாதையை மூட ஒப்புதல் தர வேண்டும். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

எங்கள் பிரிவில் நான்கு பேர், நான்கு கணினி. ஒரு ஆணி வாங்கக்கூட அதிகாரம் கிடையாது. மறுபடியும் மாடி மாடியாக ஓடினேன். சிக்னல்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“சிஸ்டத்துல உங்க பேருதானேம்மா இருக்கு? சிஸ்டத்துல உள்ளதுதான் உண்மை, வேற லிஸ்ட்டைப் பாக்காதீங்கன்னு நீங்கதானே மீட்டிங்குக்கு மீட்டிங் சொன்னீங்க?”

வரியைத் திரும்ப மூன்றாகப் பிரித்துவிடுகிறேன் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். பாதுகாப்புப் பிரிவு பார்த்த பிறகு பிரித்தால் அது மறைப்பது ஆகும் என்றார். நாளைக்கு அங்கே யாராவது அடிபட்டால் பதில் சொல்லப்போவது நான்தான் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. பயத்தில்தான் பாதையை மூடக் கையெழுத்துப் போட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. அக்காவைக் கூப்பிட இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

வேலி போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். ஆள் உயரத்துக்குப் புதுக் கம்பிவலை. பலகைகளைப் பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸை விட்டுவிட்டாளாம். இன்னொரு தடவை விட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

“நீ அங்கதானே வேலை செய்ற? இத மூடச் சொல்லி யாரு சைன் போட்டான்னு கேட்டுச் சொல்லு. லயத்து ஆளுங்க எல்லாம் சேந்து போய்ப் பேசுறோம்.”

“நான்தாங்க்கா போட்டேன்.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் விளையாடுகிறேனோ என்று முகத்தைப் பார்த்தாள்.

“நான் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன்னு உனக்குத் தெரியாதாடி?”

“தெரியும்” என்றேன்.